பீற்றா அண்ணையின் முதலாம் மேசை

ரொறொன்ரோத் தமிழர் எல்லோரும் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலைகளை ஒரு தட்டிலும், பீற்றா அண்ணை தனியாளாகத் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலைகளை மறு தட்டிலும் வைத்து நிறுத்தால், பீற்றா அண்ணையின் தட்டுத்தான் நிலத்தில் முட்டும். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் அந்த மனிசன் பல வருடம் வாடகைக்கு இருந்தவர். அந்த அரைகுறை வேலைகளில் முக்கால்வாசி என் காலுக்குக் கீழேதான் நடந்தது.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அதை ஒருவரும் பாவிக்கவில்லை. கொம்பியூட்டர் வேலை செய்கிறவர்கள் ஒரு சாமானை முழுதாக முடிக்க முன்னமே, பிழை இருந்தால் சனம் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று வெளியே விடுவார்களாம். அதற்குப் பெயர் பீற்றா. நல்ல வசதியான ஏற்பாடுதான். நான் பாதி வெந்த சோற்றைப் பரிமாறிவிட்டு, பிழை இருந்தால் சொல்லுங்கோ என்று கதிரையில் சாய்ந்திருந்தால் என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஆனால் பீற்றா அண்ணை சோறு உட்பட எல்லாவற்றையும் அப்படித்தான் வெளியே விட்டார்.

ஒரு பனிக்காலத்தில், “தங்கச்சி, நீர் கஷ்டப்படாதையும். ட்ரைவ்வேயில கிடக்கிற ஸ்நோவை நான் வழிச்சுவிடுறன்” என்று பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கோயில் வீதி மாதிரித் துப்புரவு. வலது பக்கம் முழங்காலளவு பனி அப்படியே கிடந்தது. கார் நின்றது வலது பக்கத்தில்.

“என்ன அண்ணை இது?”

“உது பீற்றா, தங்கச்சி. மிச்சம் அடுத்த வேர்ஷன்ல வரும்.”

அடுத்த வேர்ஷன் ஏப்ரல் மாதம் வெயிலோடு வந்தது.

எங்கள் பாத்ரூம் பூட்டையும் ஒரு நாள் திருத்தித் தந்தார். திருத்திய பிறகு அதை வெளியில் இருந்து பூட்டலாம். உள்ளே இருந்து திறக்க முடியாது. அதை முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். அவர் உள்ளே நின்று கதவில் அடிக்க, பீற்றா அண்ணை வெளியே கன்னத்தில் கை வைத்தபடி, “நல்லது, நல்லது. இன்னொருக்கா அடியுங்கோ பாப்பம். பிழை எங்க எண்டு எனக்கு இப்பதான் விளங்குது” என்று ஆராய்ச்சி செய்தார். அன்றைக்கே அந்த மனிசனை வீட்டை விட்டு எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவிடாமல் தடுத்தவர் யார் தெரியுமா? உள்ளே அடைபட்டுக் கிடந்த அதே ஆள்தான். காரணம் சீட்டு.

என் வீட்டுக்காரருக்கு ஒரேயொரு கெட்ட பழக்கம். அதன் பெயர் முன்னூற்றிநாலு. யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் இருந்து விளையாடுகிற சீட்டாட்டம் அது. எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கூட்டு. ஒருவர் ஒரு வகைச் சீட்டைத் துரும்பு என்று மறைத்து வைப்பார். அந்தத் துரும்பால் மற்றவர்களின் பெரிய சீட்டையும் வெட்டி எடுக்கலாம். விளையாட்டு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சண்டை. நீ ஏன் வெட்டினாய், நீ ஏன் வெட்டவில்லை, நீ ஏன் பிறந்தாய் என்று அது போகும்.

சனி ஞாயிறுகளில் என் வீட்டுக்காரரும் சிநேகிதர்களும் பேஸ்மென்ற்றில் மேசை போடுவார்கள். வேறு எவர் அங்கே வாடகைக்கு வந்தாலும் அதற்கு விடமாட்டார்கள். பீற்றா அண்ணை மட்டும் விளையாட மாட்டார். பின்னால் நின்று ஒவ்வொருவருடைய விளையாட்டையும் பழிப்பார். “ஒரு ஆள் குறையுது, வந்து இருங்கோவன் அண்ணை” என்று கெஞ்சினாலும் இரங்க மாட்டார்.

“எனக்கெண்டு ஒரு பாட்னர் இருக்கிறான். அவனில்லாமல் நான் மேசையில இருக்கமாட்டன்.”

அந்தப் பாட்னரின் பெயர் யோகன். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகச் சுற்றினவர்கள், ஒன்றாகவே உருப்படாமல் போனவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் இடம்பெயர முன்னம் கடைசியாக ஓர் ஆட்டம் விளையாடியிருக்கிறார்கள். அதில் ஓர் இடத்தில் யோகன் துரும்பைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டாமல் விட்டுவிட்டார். தோற்றுப்போனார்கள். பிறகு இவர் கனடாவுக்கு வந்தார். யோகன் கிளிநொச்சிக்குப் போய் ரேடியோ திருத்துகிற கடை போட்டார். நாடு மாறியது, வயது போனது, தலை வழுக்கையானது. அந்த வெட்டாத சீட்டை மட்டும் இவர் விடவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சி இருக்கிற வன்னிக்குப் போன் எடுக்கக்கூடியதாக இருந்தது. இவர் எடுப்பார். பேஸ்மென்ற்றில் கதைப்பது என் குசினியில் கேட்கும். சுகம் விசாரிப்பு, பிள்ளைகளின் படிப்பு, மழை. அதோடு நல்ல கதை முடிந்துவிடும்.

“நீ அண்டைக்கு வெட்டியிருக்கோணும்டா!”

அந்தப் பக்கத்தில் யோகன் என்ன சொன்னாரோ, இந்தப் பக்கத்தில் இவர் துள்ளுவார். கடைசியாகக் கதைத்த நாளில் துள்ளல் கூடிவிட்டது. “நீ செய்தது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுமட்டும் எனக்குப் போன் எடுக்காதை! நானும் எடுக்கமாட்டன்!” என்று கத்திவிட்டு வைத்தார். வைத்த வேகத்தில் போன் உடைந்தது. கொஞ்சக் காலத்தில் நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியது. இவருக்கு ரோசம் ஆறி, புதுப் போன் வாங்கி எடுத்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் மணியே அடிக்கவில்லை.

அந்தச் சண்டையின் கடைசிப் பனிக்காலத்தை இங்கே இருந்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு தமிழ் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வன்னியில் சொந்தங்கள் இருந்தவர்கள் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. எவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பீற்றா அண்ணைக்கு வேலையும் போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவர், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கப் போய்க்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு பின்னேரம் படியேறி என் குசினிக்கு வந்து, தான் ஒரு கேம் செய்வதாக முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்.

“என்ன கேம்?”

“முன்னூற்றிநாலு. ஒன்லைன். ஒருத்தன் இஞ்ச, ஒருத்தன் லண்டன்ல, ஒருத்தன் பாரிஸ்ல, ஒருத்தன் எங்கையோ. நாலு பேரும் ஒரு மேசையில இருந்து விளையாடலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அங்க சனம் சாகுது அண்ணை. உங்களுக்குச் சீட்டுக் கேக்குதோ?”

அவர் கோபிக்கவில்லை. “யோகன் எனக்குப் போன் எடுக்கமாட்டான், தங்கச்சி. எடுக்காதை எண்டு சொன்னவன் நான்தானே. அவன் ரோசக்காரன். உயிரோட வெளியில வந்தாலும் எடுக்கமாட்டான். ஆனா முன்னூற்றிநாலு எண்டா வருவான்.”

“இடியப்பம் கிடக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்றேன்.

அன்றிலிருந்து வெயர்ஹவுஸால் வந்து குளித்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திவிடுவார். சீட்டில் இருக்கிற ராசாக்களுக்குத் தன்னுடைய மீசையை வரைந்தார். சீட்டை மேசையில் அடித்துப் போடுகிற சத்தம் இல்லாவிட்டால் ஒருவனும் விளையாட மாட்டான் என்று, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய என் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். தன்னுடைய மேசையில் சத்தம் காணாதாம். அவர் அடித்த அடியில் ஊறுகாய்ப் போத்தல் விழுந்து உடைந்தது. அந்த உடைகிற சத்தத்தையும் விடவில்லை. தோற்கிறவர்களுக்கு அதைத்தான் வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. முன்னூற்றிநாலில் கள்ளச் சைகை என்று ஒன்று உண்டு. கையில் நல்ல சீட்டு இருந்தால் கூட்டாளிக்கு விளங்கும்படி இருமுவார்கள், தலையைச் சொறிவார்கள், திடீரென்று குடிக்கப் பிளேன்ரீ கேட்பார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள், பிடிபட்டால் எல்லோரும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இந்தப் புண்ணியவான் கேமில் அதற்கெல்லாம் பட்டன் வைத்தார். ஒன்றை அமத்தினால் இருமல் கேட்கும். ஒன்றை அமத்தினால் “தங்கச்சி, பிளேன்ரீ இருக்கோ?” என்று அவருடைய குரலே கேட்கும். அந்தத் தங்கச்சி நான்தான். உலகம் முழுவதும் என்னிடம் பிளேன்ரீ கேட்டது.

கேமை வைப்பதற்கு ஓர் இன்ரநெற் கடை பிடித்தார். தனியாட்களும் தாங்கள் செய்த கேமைக் கொண்டுபோய் அங்கே வைக்கலாம். எந்த நாட்டில் இருக்கிறவரும் இறக்கி விளையாடலாம். வைக்க முன்னம் கடைக்காரர்கள் விளையாடிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ‘உங்கள் கேமில் பாரதூரமான குறை இருக்கிறது. விளையாடுகிறவர்கள் இருமல் மூலம் களவாகச் சேதி சொல்கிறார்கள். திருத்துங்கள்.’

பீற்றா அண்ணை பேஸ்மென்ற்றில் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக் குழாய்கள் அதிர்ந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவருடைய வேலையில் பிழை என்று சொன்னது பிழையே இல்லை. “அது குறை இல்லை, எங்கட கலாசாரம் எண்டு எழுதிப் போட்டன், தங்கச்சி. கலாசாரம் எண்டா வெள்ளைக்காரன் பயந்திடுவான்.” பயந்துதான் இருக்க வேண்டும். விட்டுவிட்டார்கள்.

ஆனால் உண்மையான கேடு வேறு இடத்தில் இருந்தது. கேமைத் திறந்தால் கண்ணில் படுவது முதலாம் மேசை. அதில் பீற்றா அண்ணை இருப்பார். அவருக்கு எதிரே இருக்கிற கதிரை பூட்டிக் கிடக்கும். அதில் ‘யோகனுக்கு’ என்று ஒரு மட்டை தொங்கும். மற்ற இரண்டு கதிரையிலும் எவரும் வந்து இருக்கலாம். இருந்து? இருக்கலாம். அவ்வளவுதான். நாலாவது ஆள் வராமல் ஆட்டம் தொடங்காது. நாலாவது ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே ஒருவருக்கும் தெரியாது.

“அண்ணை, வாசல்லயே பூட்டின கதிரையைப் போட்டா சனம் உள்ளுக்கு வராது” என்று என் வீட்டுக்காரர் பக்குவமாகச் சொன்னார். “பின்னுக்கு வேற மேசையள் கிடக்குத்தானே? அங்க போகட்டும்” என்றார் இவர்.

வசந்தம் வந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் நடந்த மனிதச் சங்கிலிக்குப் போனோம். குளிர் காற்றில் கையோடு கை கோத்து நின்றோம். சிலர் அழுதுகொண்டு நின்றார்கள். பீற்றா அண்ணையும் வந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு அந்நியரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரிடம், “கிளிநொச்சியில ரேடியோக்கடை வைச்சிருந்த யோகனைத் தெரியுமோ?” என்று கேட்டார். தெரியாது என்றதும், “சரி. முன்னூற்றிநாலு விளையாடுவியளோ?” என்று கேட்டார். அந்த மனிசன் கையை உதறிக்கொண்டு சங்கிலியில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் இவரைத் தெரியாத ஆள் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன்.

கேமை வெளியே விடக் கடை குறித்துக் கொடுத்த நாள், சண்டை முடிந்தது என்று செய்தி வந்த அதே கிழமையில் விழுந்தது. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ரேடியோவை நிற்பாட்டவும் மனம் வரவில்லை, கேட்கவும் முடியவில்லை. “தள்ளிப் போடுங்கோ அண்ணை, சனம் காறித் துப்பும்” என்று கீழே போய்ச் சொன்னேன். அவர் தாடி மழிக்காமல் அதே கதிரையில் குந்தியிருந்தார்.

“இப்பதான் தங்கச்சி ஆக்கள் வெளியில வருவாங்கள். இப்பக் கதவைத் திறக்காமல் எப்பத் திறக்கிறது?”

திறந்தார். சனம் காறித்தான் துப்பியது. கடைகளில், கோயிலில், கல்யாண மண்டப வாசலில் எல்லாம் அதே கதைதான். என்னிடம் நேராகவே ஒரு பெண், “உங்கட பேஸ்மென்ற்றில இருக்கிறவருக்கு மனச்சாட்சி இல்லையோ?” என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான்; ஆனால் இன்னொருத்தி கேட்கும்போது ஏனோ எரிச்சல் வந்தது. “அவருக்கு மூளைதான் இல்லை, மனச்சாட்சி கிடக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் ஆளுக்கொரு லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கினார்கள்.

பீற்றா அண்ணை தலையில் கை வைத்தார். “எட விசரங்களே! ஒன்லைன் எண்டா அவரவர் வீட்டில இருந்து விளையாடுறது!”

“தனிய இருந்து விளையாடுறதுக்கு என்னத்துக்கு அண்ணை சீட்டு?”

அதே பழைய மேசையைச் சுற்றி லப்ரொப்புகளை வைத்துக்கொண்டு, ஒருவர் திரையை மற்றவர் எட்டிப் பார்த்தபடி, கடல் கடந்து விளையாடச் செய்த கேமைத் தோளோடு தோள் முட்டி விளையாடினார்கள். இருமல் பட்டன் இருக்க, வாயாலேயே இருமினார்கள். எல்லா லப்ரொப்பும் சேர்ந்து இழுத்ததில் இன்ரநெற் படுத்துவிட்டது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. இடையில் யாருடைய போனாவது அடித்தால் எல்லோரும் கையை நிறுத்தி அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கிழமை எவராலும் வீட்டில் தனிய இருக்க முடியவில்லை. நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.

உலகத்தின் தீர்ப்பு மெல்ல வந்தது. கடையில் கேமுக்குக் கீழே ஆட்கள் எழுதினார்கள். ‘முதலாம் மேசையில் போய் இருந்தேன். ஆட்டம் தொடங்கவில்லை. மீசைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.’ ஒரு நட்சத்திரம். ‘யார் இந்த யோகன்?’ ஒரு நட்சத்திரம். அந்தக் கதிரையைப் பார்த்துச் சிரிப்பது மெல்ல மெல்ல ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. பாரிஸில் பஸ் பிந்தினால், “யோகன் ஓட்டுற பஸ் போல” என்றார்களாம். லண்டனில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரச் சுணங்கினால், “யோகன் வந்திட்டாரோ?” என்று சிரித்தார்களாம். கேமை விளையாடாதவர்களுக்கும் யோகனைத் தெரிந்திருந்தது.

பகிடிக்காரர்கள் கதவையும் தட்டினார்கள். பூட்டின கதிரையைத் தட்டினால் பீற்றா அண்ணையின் திரையில் சேதி வரும். ‘அண்ணை, நான்தான் யோகன். வந்திட்டன்.’ இவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: ‘அண்டைக்கு நீ வெட்டாம விட்டது சரியோ, பிழையோ?’ இவர் பிழை என்று சொல்லித்தானே உலகம் முழுக்கப் புலம்பித் திரிகிறார்? அதனால் எல்லோரும், ‘பிழை அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ என்று எழுதுவார்கள். எழுதியதும் கதவைச் சாத்திவிடுவார்.

ஒரு நாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். “அதைத்தானே அண்ணை இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்? உவன் உண்மையான யோகனா இருந்தா?”

என்னை ஏளனமாகப் பார்த்தார். “பிழையை ஒத்துக்கொள்ளுற ஆளெண்டா நான் ஏன் தங்கச்சி அவனோட சண்டை பிடிக்கிறன்?”

மாதங்கள் போயின. சண்டையில் தப்பியவர்களை அடைத்து வைத்த முகாம்களில் இருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சிலருடைய பெயர்தான் வந்தது, ஆள் வரவில்லை. கேமில் சனம் குறைந்தது. கதிரையைத் திறக்காவிட்டால் கேமை எடுத்துவிடுவோம் என்று கடைக்காரர்கள் எழுதினார்கள். என் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார், நான் சொன்னால் கேட்பார் என்று.

போனேன். பக்குவமாகப் பேச எனக்கு வராது. “அண்ணை, அந்த மனிசன் இல்லாமல் போயிருந்தால்? எத்தினை காலத்துக்கு ஒரு செத்த கதிரையை வாசல்ல வைச்சுக்கொண்டு இருக்கப்போறியள்?”

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அவர், “எல்லாத்தையும் நான் பாதியிலதான் விட்டிருக்கிறன், தங்கச்சி. இதை விடமாட்டன்” என்றார். மேலே வந்துவிட்டேன்.

கடைக்காரர்கள் சொன்னபடி எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் விளையாடலாம். வைத்திருந்தவர்களும் விளையாடவில்லை. முதலாம் மேசையில் பீற்றா அண்ணை தனியே இருந்தார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே கதிரை விழுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, “தங்கச்சீ!” என்று ஓர் அலறல். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து மாக்கையோடு ஓடினேன்.

மனிசன் எழும்பி நின்று திரையைக் காட்டினார். தட்டின ஆளிடம் இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தார். கீழே பதில் கிடந்தது.

‘சரி. நூறு தரம் கேட்டாலும் சரி. நீதான்டா துரும்பைப் பிழையா வைச்சனீ.’

“அவன்தான் தங்கச்சி! பாரும், சரி எண்டுறான்! வெக்கங்கெட்டவன், இப்பவும் சரி எண்டுறான்!” கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் திட்டுகிறது.

யோகன் வவுனியாவில் ஒரு நெற் கஃபேயில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். சூரிச்சில் இருக்கிற மச்சான் போனில் கதைக்கும்போது, “உன்ர பேரில ஒரு கதிரை கிடக்குதாம், ஊரெல்லாம் சிரிக்குது” என்று பகிடிக்குச் சொல்லியிருக்கிறார். இறக்கி வைத்திருந்த கேமையும் அவர்தான் அனுப்பியிருக்கிறார். காறித் துப்பின சனமும் பகிடி பண்ணின சனமும் சேர்ந்து சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

பீற்றா அண்ணை பூட்டைத் திறந்தார். முதலாம் மேசையில் எதிர்க்கதிரையில் ஆள் வந்தது. இந்த மனிசன் என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? ‘விளையாடுவமோ?’ என்று கேட்டார்.

“அண்ணை! பெண்சாதி பிள்ளையள் சுகமோ எண்டு முதல்ல கேளுங்கோ!” என்று கத்தினேன்.

கேட்டார். பதில் வந்தது: ‘எல்லாரும் இருக்கிறம். பெடியனுக்குக் கையில காயம், மாறீட்டுது. கடை பூட்டப்போறாங்கள், கெதியாச் சீட்டைப் போடு.’

என் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லப்ரொப்போடு ஓடிவந்தார். மூன்று பேர் ஆயிற்று. நாலாவது ஆளுக்குச் சிநேகிதர்களை அழைத்தார். ஞாயிறு காலையில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“சும்மா போங்கோ. எனக்கு உந்தக் கண்டறியாத விளையாட்டுத் தெரியாது.”

“தெரிஞ்ச ஆள் வேண்டாம் தங்கச்சி” என்றார் பீற்றா அண்ணை. அந்தக் குரலில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. “கதிரையில ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

இருந்தேன். மாக்கையால் என்னென்னவோ பட்டனை அமத்தினேன். சீட்டுப் போட நினைத்து இருமலைப் போட்டேன். என் கையில் பெரிய சீட்டு இருக்கிறது என்று நம்பி என் வீட்டுக்காரர் துணிந்து கேள்வியை, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்கிற பந்தயத்தை, கூட்டிவிட்டார். என்னிடம் ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் நாங்கள்தான் வென்றோம். ஏனென்றால் முக்கியமான இடத்தில் யோகன் மறுபடியும் வெட்டவில்லை.

“பாத்தீரோ! திரும்பவும் வெட்டேல்லை! துரும்பு கையில கிடக்கு, வெட்டேல்லை!” என்று பீற்றா அண்ணை துள்ளினார். ‘சரிதான்’ என்று யோகனிடமிருந்து வந்தது. பிறகு அந்தக் கதிரை காலியாயிற்று. கடையைப் பூட்டிவிட்டார்கள் போல. கொம்பியூட்டருக்குள் என் ஊறுகாய்ப் போத்தல் உடைகிற சத்தம் கேட்டது. தோற்றுப்போய் அவ்வளவு சந்தோசமாக இருந்த ஒரு மனிசனை நான் அதற்கு முன்னமும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

பீற்றா அண்ணை இப்போது பிக்கரிங்கில் இருக்கிறார். பேஸ்மென்ற்றை விட்டுப் போகும்போது ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் பெயின்ற் அடித்துவிட்டுப் போனார். கேமை அவர் இன்னும் நிற்பாட்டவில்லை. உலகத்தில் அதை விளையாடுகிறது ஒரேயொரு மேசைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் இருப்போம். யோகனுக்கு வர முடியாத கிழமைகளில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் என் இடத்துக்கு வர, நான் யோகனின் கதிரைக்குப் போவேன். அதில் என்னைத் தவிர வேறு ஒருவரையும் பீற்றா அண்ணை இருக்க விடுவதில்லை.

இத்தனை வருடத்தில் எனக்கு முன்னூற்றிநாலு நன்றாகவே விளையாட வரும். எங்கே வெட்ட வேண்டும் என்றும் தெரியும். ஆனாலும் அந்தக் கதிரையில் இருக்கிற நாட்களில் துரும்பைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டாமல் விடுகிறேன். உடனே பிக்கரிங்கில் இருந்து போன் அடிக்கும். “தங்கச்சி, நீர் அதில வெட்டியிருக்கோணும்!” என்று மனிசன் கத்துவார். “நான் செய்தது சரிதான் அண்ணை” என்பேன். அந்தப் பக்கம் அவர் துள்ளுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு அன்றைய பிளேன்ரீ இறங்கும்.